டிரைவருக்குக் கண் நன்றாகத் தெரியும்

அன்று காலை அங்கே இருந்தவர்கள் இவர்கள்தான்: விசாரணைக்கு வந்த அதிகாரி அம்மாள், டிரைவர், அவர் மனைவி, மூலைக்கடைக்காரர், மாடிவீட்டு டீச்சர், பேப்பர் போடுகிறவர். டிரைவருக்கு மூத்தவன் என்ற முறையில் நானும் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. வேறு யாராவது தானும் இருந்ததாகச் சொன்னால் நம்ப வேண்டாம். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தவர்கள் இருந்தவர்கள் ஆகமாட்டார்கள்.

டிரைவர் என் தம்பி. தம்பியானாலும் எழுத்தில் மரியாதை மரியாதைதான்.

அதிகாரி கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தபோது டிரைவர் வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை அகல விரித்துப் பிடித்திருந்தார். வம்பு அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

"பார்வை இல்லைன்னு உதவி கேட்டு மனு போட்டது நீங்கதானே?"

"நான்தாங்க."

"பேப்பர் படிச்சிட்டிருக்கீங்க."

"படிக்கல மேடம். பிடிச்சிட்டிருக்கேன்."

அதிகாரி எதையோ எழுதிக்கொண்டார். பேனா ஓடுகிற சத்தம் டிரைவர் காதில் விழுந்தது. அந்தச் சத்தம் அவருக்குப் பிடிக்கவில்லை.

அவர் சொன்னது சத்தியமான உண்மை. இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டியவர். அதற்கு முன் எங்கள் அப்பா ஓட்டினார், அதற்கும் முன் தாத்தா. மூன்று தலைமுறையில் எங்கள் வண்டி எதிலும் மோதியது என்ற பேச்சே கிடையாது. அப்படிப்பட்டவருக்குக் கண்ணில் அழுத்தம் கூடி, ஓரப் பார்வை முழுவதும் போய்விட்டது. ஒரு வளையலுக்குள் பார்ப்பது போல நடுவில் கொஞ்சம் மிச்சம். அதுவும் ஆவி படிந்த கண்ணாடி மாதிரி. அந்த வளையலாவது தங்கவேண்டுமென்றால் தினமும் ஒரு சொட்டு மருந்து. ஒரு மாதம் விட்டுப்போனாலும் பிறகு கேட்காதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டிலிருந்த சேமிப்பு முழுவதும் அந்தக் குப்பிக்குள் இறங்கிவிட்டது. உதவி அட்டை கிடைத்தால் மருந்து இலவசம். கிடைக்காவிட்டால் வளையலும் இருட்டு. மனைவி சில நாட்களாகக் குப்பியைத் தலைகீழாக நிறுத்தி, அடியைத் தட்டித் தட்டித்தான் சொட்டு விட்டுக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் தெருவுக்குத் தெரியாது. "ஓட்டினது போதும்னு நானே வேலையை விட்டுட்டேன்" என்று டிரைவர் சொல்லிவைத்திருந்தார். கண் தெரியாத டிரைவர் வீடு என்று எவனும் எங்கள் வீட்டைக் காட்ட நாங்கள் விடுவதாக இல்லை. தெருவில் அவர் தடி இல்லாமல்தான் நடப்பார். எதிலும் தட்டியதில்லை, தடுக்கியதில்லை. ரோட்டைக் கரைத்துக் குடித்தவர் ஆயிற்றே. தெருவும் எங்கள் குடும்பத்துக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவந்தது. எதிரே வருகிறவர்கள் பத்தடி தள்ளியே, "அண்ணே, நான்தான் கடைக்காரன்", "சார், நான் மாடிவீட்டு டீச்சர்" என்று குரல் கொடுப்பார்கள். பேப்பர்காரர் மற்ற வீடுகளுக்குச் சைக்கிளில் உட்கார்ந்தபடியே விட்டெறிவார். எங்கள் வீட்டுக்கு மட்டும் இறங்கி வந்து கையில் கொடுப்பார். கேட்டு வாங்குவதல்ல மரியாதை.

இந்தத் திறமைதான் ஆபீஸில் காலை வாரிவிட்டது. மனுக் கொடுக்கப் போன அன்று மனைவி கையைப் பிடித்துக்கொள்ள வந்தார். "நாலு பேர் பார்க்கறாங்க, விடு" என்று உதறிவிட்டு, டிரைவர் குரல் வந்த திசையைக் கணக்குப் பண்ணி நடந்து, போகவேண்டிய ஜன்னலுக்கு நேராகப் போய் நின்றுவிட்டார். அந்த வரிசையில் கண் தெரிந்தவர்களே தப்பான ஜன்னலில் நின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே இருந்தவர் மனுவின் ஓரத்தில், 'துணையின்றி வந்தார்' என்று எழுதினார். அதனால்தான் இந்த வீட்டு விசாரணை.

"டாக்டர் சர்டிபிகேட் வச்சிருக்கோமே மேடம்" என்றார் மனைவி.

"அது எல்லாரும் வச்சிருக்காங்கம்மா. போன மாசம் ஒருத்தர் ரெண்டு கண்ணும் தெரியாதுன்னு சர்டிபிகேட்டோட வந்தார். கையெழுத்துப் போடுங்கன்னேன். 'மேடம், தேதி தப்பாப் போட்டிருக்கீங்க'ங்கறார்."

யாரும் சிரிக்கவில்லை. அதிகாரியும் சிரிக்கவில்லை.

"தெருவுல மூணு பேரைக் கேப்பேன். அவங்க சொல்றது, நான் நேர்ல பார்க்கறது, ரெண்டையும் வச்சுத்தான் முடிவு. நான் கேட்டு முடிக்கற வரைக்கும் வீட்டு ஆளுங்க வாயைத் திறக்கக் கூடாது. திறந்தா விசாரணை ரத்து."

"என்ன விஷயமா வந்திருக்கீங்கன்னு அவங்ககிட்ட சொல்லிடுவீங்கல்ல?" என்று டிரைவர் கேட்டார்.

"சொல்லமாட்டேன். சொன்னா இரக்கப்பட்டுப் பொய் சொல்லிடுவாங்க."

டிரைவரின் வலது கால் தானாகவே வராந்தாத் தரையை அழுத்தியது. இறக்கத்தில் வண்டி போய்க்கொண்டிருக்கும்போது பிரேக் மிதி தரையைத் தொட்டால் எப்படி இருக்குமோ, அப்படி. கண் நன்றாகத் தெரியும் என்று இரண்டு வருடமாகத் தெருவை நம்பவைத்தது அவரேதானே.

அதிகாரி கேட்டருகே போய் நின்று, கடையைத் திறந்துகொண்டிருந்த மூலைக்கடைக்காரரைக் கூப்பிட்டார்.

"இந்த வீட்டு டிரைவருக்குக் கண்பார்வை எப்படி?"

கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். தோளில் பை, கையில் பேனா, முகத்தில் ஈரம் இல்லை.

"எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மா ஒரு விசாரணை."

"அவருக்கு என்னங்க, கழுகுக் கண்ணு. தெருக்கோடியில பஸ் திரும்பறப்பவே நம்பரைச் சொல்லிடுவாரு."

வராந்தாவில் டிரைவர் இருமினார்.

"போன வாரம் நடந்ததைக் கேளுங்க. என் கடைத் தராசு முள்ளு ஒரு மயிரிழை தள்ளி நிக்குதுன்னு, எதிர்ப்பக்கம் நின்னுக்கிட்டே சொல்றாரு."

டிரைவர் இன்னும் பலமாக இருமினார். நாற்காலியே ஆடியது.

"இருமல் வேணா கொஞ்சம் இருக்கு" என்றார் கடைக்காரர். "கண்ணுல ஒரு குறையும் சொல்ல முடியாது."

பேனா ஓடியது. டிரைவர் மனைவியின் பக்கம் சாய்ந்து மெதுவாக, "டீச்சர் இறங்கி வர்ற நேரம். அவங்களுக்காவது சைகை காட்டு. வாயைத்தானே திறக்கக் கூடாதுன்னாங்க" என்றார். இது ரகசியம் என்பதால் வாயைத் திறந்ததாகாது.

டீச்சர் கைப்பையோடு மாடிப்படி இறங்கி வந்தார். அதிகாரி அவரை நிறுத்தி அதே கேள்வியைக் கேட்டார். அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் மனைவி இரண்டு கைகளாலும் தன் கண்களைப் பொத்திக்கொண்டார். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். புருஷனைச் சுட்டிக் காட்டினார். கைக்குழந்தைக்கும் புரியக்கூடிய சைகை. டீச்சர் புரிந்துவிட்டது என்று கண்ணை மூடித் திறந்தார். எங்களுக்கு மூச்சு வந்தது.

"சாருக்கா? பிரமாதமாத் தெரியுமே" என்றார் டீச்சர். "நேத்து மாடியிலேர்ந்து என் தையல் ஊசி கீழே விழுந்துடுச்சு. சார்தான் மண்ணுல தேடி எடுத்துக் குடுத்தார்."

மனைவி கண்களை இன்னும் அழுத்திப் பொத்திக்கொண்டார். தலையாட்டலில் கொண்டை அவிழ்ந்துவிட்டது.

"நூலும் கோத்துக் குடுத்தார்" என்றார் டீச்சர்.

மனைவி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "இவங்களுக்கு நாம என்னங்க கெடுதல் பண்ணினோம்?" என்று முணுமுணுத்தார்.

"பொறாமை" என்றார் டிரைவர். "இத்தனை நாளா உள்ளுக்குள்ள வச்சிருந்திருக்காங்க."

பிறகு என் காதருகே வந்தார். "அண்ணா, அந்தம்மா நேர்ல பார்க்கறதும் கணக்குன்னு சொன்னாங்கல்ல? நான் போய் எதுலயாவது மோதிட்டு வர்றேன்."

மூன்று தலைமுறை என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனாலும் நான் தடுக்கவில்லை.

டிரைவர் தெருவில் இறங்கினார். எது எங்கே இருக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். கடை முன்னால் கடைக்காரரின் சைக்கிள். அதைத் தாண்டி மூட்டைகள். பிறகு டீச்சரின் பூந்தொட்டிகள். கடைசியில் விளக்குக் கம்பம். இரண்டு வருடமாக விலகி விலகி நடந்தவர், அன்று குறிபார்த்து நடந்தார்.

சைக்கிள் இருக்கவேண்டிய இடத்தில் காற்றுதான் இருந்தது. கடைக்காரர் அதை அப்போதுதான் அவசரமாகச் சுவரோரம் உருட்டிக்கொண்டு போயிருந்தார். கடை திறக்கும் நேரம். சாமான்களை ஒழுங்கு பண்ணுவது இயல்புதானே. டிரைவர் காலைத் துழாவிவிட்டு மூட்டையை நோக்கித் திரும்பினார். மூட்டையும் உள்ளே இழுக்கப்பட்டுவிட்டது. வெறி வந்தவர்போலப் பூந்தொட்டிகளின்மேல் பாய்ந்தார். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகியும் போகாமல் நின்ற டீச்சர், கக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தொட்டிகளைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். அதிகாரி எழுதிக்கொண்டிருந்த தாளிலிருந்து தலையைத் தூக்கியபோது, ஒரு மனிதர் கைவீசி உலாத்துவதுதான் அவருக்குத் தெரிந்தது.

கம்பம் மட்டும் மிச்சம். கம்பத்தை யாரும் உள்ளே இழுக்க முடியாது. டிரைவர் நெற்றியை முன்னால் நீட்டிக்கொண்டு வேகம் எடுத்தார்.

மோதினார். ஆனால் மெத்தென்று இருந்தது.

"அண்ணே, நான்தான் பேப்பர்" என்றது கம்பம் இருந்த இடத்திலிருந்து ஒரு குரல். எல்லா வீட்டுக்கும் போட்டுவிட்டுத் திரும்பிய பேப்பர்காரர், கம்பத்துக்கு முன்னால் வந்து நின்றிருந்தார். "காலையிலேயே நடையா? உடம்புக்கு நல்லது. வாங்க, பேசிட்டே போவோம்." தோளில் கையைப் போட்டு, இரண்டு பேரும் நெடுநாள் கூட்டாளிகள்போல அதிகாரியின் முன்னாலேயே வந்து நின்றார்கள்.

ஒரு டிரைவர் வேண்டுமென்றே மோதப்போய்த் தோற்றுத் திரும்பியது எங்கள் குடும்பத்தில் அதுவே முதல் தடவை.

"நீங்கதான் மூணாவது ஆள்" என்றார் அதிகாரி. "இவருக்குக் கண் தெரியுமா?"

"நல்லாக் கேட்டீங்க. மொத பக்கத்துலேர்ந்து கடைசிப் பக்கம் வரைக்கும் ஒரு வரி விடமாட்டாரு. நேத்து எழுத்துப்பிழை இருக்குன்னு என்னைப் பிடிச்சுச் சண்டை. பேப்பர் என்ன நானா எழுதறேன்?"

"நானும்தான் பார்த்தேனே" என்று அதிகாரி தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். "அட்டை கிடைக்காது. நான் வர்றேன்."

டிரைவர் வீட்டுப் பக்கம் திரும்பினார். வளையலுக்குள் மனைவியின் முகம் வரவில்லை. கை மட்டும் வந்தது; அந்தக் கையில் குப்பி இருந்தது.

அவர் தெரு நடுவில் நின்றார்.

"எனக்குக் கண் தெரியாது" என்றார்.

அதிகாரி நின்றார்.

"ரத்தானா ஆகட்டும் மேடம். எனக்குக் கண் தெரியாது. ரெண்டு வருஷமாத் தெரியாது. வேலையை நான் விடல, அவங்களாத்தான் அனுப்பினாங்க. பேப்பர் பிடிச்சதெல்லாம் வேஷம். உங்க எல்லாரையும் நான் ஏமாத்திட்டேன். மன்னிச்சிடுங்க."

எங்கள் குடும்பத்தில் தெருவில் நின்று குரல் உயர்த்தியவர்கள் கிடையாது. நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைக்காரர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தொட்டிகளை மெதுவாகக் கீழே வைத்தார். பேப்பர்காரரின் கை மட்டும் டிரைவரின் தோளிலிருந்து இறங்கவில்லை.

"என்ன விளையாட்டு இது?" என்றார் அதிகாரி. "தெனம் பார்த்துப் பழகற மூணு பேர் நல்லாத் தெரியும்ங்கறாங்க. ரெண்டு வருஷமா ஒருத்தருக்குக்கூடவா சந்தேகம் வரல? நீங்க ஒண்ணு என்னை ஏமாத்தறீங்க, இல்ல இவங்களை ஏமாத்தியிருக்கீங்க." தாளை மறுபடி வெளியே எடுத்தார். "உங்க வாயாலயே சொல்லிட்டீங்க. அதையும் எழுதிக்கறேன். தெருவையே ஏமாற்றியவர், நம்பத் தகுந்தவர் அல்ல."

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஜன்னல் வழியாகப் பார்த்தவர்கள் கண்டது இவ்வளவுதான். அதற்குமேல் பார்க்க அவர்களுக்குப் பொறுமை இல்லை. அவர்கள் கிளப்பிவிட்ட பேச்சு இன்றைக்கும் உலவுகிறது: டிரைவர் குடும்பம் இரண்டு வருடம் ஒரு தெருவையே ஏமாற்றியதாம். அட்டை வந்துவிட்டது, அலமாரியில் மருந்துக் குப்பிகள் வரிசையாக நிற்கின்றன, அந்தப் பேச்சு மட்டும் நிற்கவில்லை. ஆகவே மூத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அது பொய். அதிகாரி அந்த வரியை எழுதத் தொடங்கியதும் பேப்பர்காரர் தாளுக்குக் குறுக்கே கையை வைத்தார்.

"அதை எழுதாதீங்க மேடம். அவரு பேப்பரைத் தலைகீழாப் பிடிச்சு நாலு பேர் சிரிச்சிடக் கூடாதேன்னுதான், ரெண்டு வருஷமா நான் சைக்கிளை விட்டு இறங்கி, நேராத் திருப்பிக் கையில குடுத்துட்டிருக்கேன்."