இடுப்பளவு வாழை

வாழைக் குருத்து உத்தரத்தில் முட்டி மடங்கியிருப்பதைப் பார்த்ததும் மரியநாயகத்துக்குக் காப்பி இறங்கவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில், அவர் வீட்டு முன்கூடத்தில், தொட்டியில் நின்ற அந்த வாழை அவருடையதல்ல. ஆபீஸ் துரையும் துரைசானியும் விடுப்பில் சீமைக்குப் புறப்பட்டபோது, "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அவரே வலியப் போய்க் கேட்டு வாங்கியது. வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்ட கதைதான். பங்களாத் தோட்டக்காரன் ராமு மாட்டு வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான்.

"இது இடுப்புக்கு மேல் வளராத சாதி. வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். நான் வரும்போதும் இதே உயரத்தில் பார்க்க வேண்டும்" என்று துரைசானி சொல்லியிருந்தாள். ஆபீஸில் குமாஸ்தாக்களுக்கெல்லாம் தலைவரான பெரிய கிராணி உத்தியோகம் காலி. துரை வந்துதான் ஆள் போட வேண்டும். துரையோ துரைசானி சொல்லைத் தட்டாதவர்.

"என்னத்தைடி ஊத்துறே இதுக்கு?" என்றார் மனைவியிடம்.

"அரிசி கழுவின தண்ணி, மீன் கழுவின தண்ணி" என்றாள் பிலோமினா. "நம்ம வீட்டுக்கு வந்தது எதுங்க இளைச்சிருக்கு?"

அவர் தம் தொந்தியைத் தடவிப் பார்த்தார். மறுக்க முடியவில்லை.

முதலில் இலைகளை நறுக்கினார். அன்று தலைவாழை இலையில் நண்டுக் குழம்புச் சாப்பாடு. உண்ட களைப்பு தீர்வதற்குள் அடுத்த குருத்து உத்தரத்தைத் தொட்டுவிட்டது.

அரிவாளை எடுத்து இடுப்பளவில் தண்டையே வெட்டினார். சாறு தெறித்து ஆபீஸ் சட்டை கறையாயிற்று. காலையில் பார்த்தால், வெட்டிய இடத்தின் நடுவே ஒரு சாண் குருத்து எழுந்து நின்றது. மறுபடி வெட்டினார். இன்னொரு சட்டையும் போயிற்று. ஆத்திரத்தில் அம்மிக் குழவியைத் தூக்கி அதன் தலையில் வைத்தார். குழவி நழுவி அவர் கால் விரலில் விழுந்தது.

கறையை மறைக்கக் கோட்டை மாட்டிக்கொண்டு நொண்டி நொண்டி வேலைக்குப் புறப்பட்டவரைப் பக்கத்து வீட்டுக் காமாட்சி மறித்தாள்.

"தலையைச் சீவினா வாழை அடங்குமாண்ணே? தாயை அடியோட எடுத்துட்டு, பக்கத்துல இருக்கிற கன்னை விடுங்க. கப்பல் வர்றதுக்குள்ள அது இடுப்புக்கு வந்துரும்."

மனத்துக்குள் ஜெபம் சொல்லிக்கொண்டே தாய் வாழையைச் சாய்த்தார். அன்று வாழைத்தண்டுப் பொரியல். பயத்திலும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

துரைசானி வந்தபோது கன்று மிகச் சரியாக இடுப்பளவில் நின்றது. அவள் அதைச் சுற்றிவந்து சிரித்தாள்.

"சொன்னபடி வைத்திருக்கிறீரே. துரையிடம் இன்றே சொல்கிறேன்."

மறுநாளே மரியநாயகம் பெரிய கிராணி. பிலோமினா தெருவுக்கெல்லாம் பாயசம் கொடுத்தாள். மரியநாயகத்துக்கு விரல் வலிகூட மறந்துபோயிற்று.

தொட்டியை எடுத்துப் போக வந்த ராமு மட்டும் அதன் எதிரே வெகுநேரம் நின்றான்.

"எப்படிங்கய்யா இதை இவ்வளவு குட்டையா வச்சீங்க?"

"நான் என்னப்பா செஞ்சேன்?" என்றார் புதுப் பெரிய கிராணி, பெருந்தன்மையாக. "துரைசானியோட வாழைச் சாதி அப்படி."

ராமு வாசலை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"துரைசானியோட வாழையை அன்னிக்கு வழியிலேயே வண்டி மாடு தின்னுடுச்சுங்கய்யா; இது நான் மலாய்க்காரங்க கம்பத்து வேலியோரத்துல புடுங்கி நட்டது."