குதிக்கால் நோவும் எருக்கலையின் ஒன்றுவிட்ட தங்கையும்

மருந்து தராத வைத்தியரை நான் நம்புவதில்லை. தாவரவியலில் பட்டம் வாங்கிய ஒருத்தி சொல்லக்கூடிய பேச்சா இது என்று கேட்பீர்கள். அந்தப் பட்டம்தான் என்னைக் கெடுத்தது.

மூன்று வருடங்களுக்கு முன், காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்தால் வலது குதிக்காலில் ஆணி ஏறியதுபோல் இருக்கும். பத்து அடி நடந்தால் குறைந்துவிடும். (தானாகக் குறைகிற நோவில் எனக்குக் கூடுதல் சந்தேகம். எங்கேயோ போய் ஒளிந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?) குடும்ப வைத்தியர் என்னைப் பிசியோவிடம் அனுப்பினார். அரைக்காற்சட்டை போட்ட இளைஞர். குதியில் ஓரிடத்தை அழுத்தினார், நான் கத்தினேன், அவர் திருப்தியாகத் தலையாட்டினார்.

குதியிலிருந்து விரல்கள்வரை பாதத்துக்கு அடியில் ஓடும் தடித்த நார் நொந்துபோயிருக்கிறதாம். தூக்கத்தில் இறுகிக் கிடப்பதைத் திடீரென்று இழுப்பதால்தான் முதல் அடி நோகிறதாம். எழும்பமுன் துவாயைப் பாதத்தில் மாட்டி இழுக்க வேண்டும். உறைந்த தண்ணீர்ப் போத்தலைக் காலால் உருட்ட வேண்டும். வீட்டுக்குள்ளும் சப்பாத்துப் போட வேண்டும். மாதக்கணக்கில்.

சாமியறை இருக்கிற வீட்டுக்குள் சப்பாத்தா?

"எக்ஸ்ரே எடுக்கேல்லை, குளிசை தரேல்லை, துவாயாம்!" என்று காரில் கணவரிடம் பொருமினேன். "ஏதோ சொல்ல ஏலாத வருத்தம் போல. அதுதான் சிரிச்சுச் சிரிச்சுக் கதைச்சவன்."

"அவன் அழுதிருந்தாத்தான் உமக்கு நிம்மதி," என்றார் அவர்.

என் சிநேகிதி வசந்திக்கு போன் எடுத்தேன். "துவாயோ? விசரே! செங்கல்லைச் சூடாக்கி, மேல எருக்கலை இலையைப் போட்டு, குதியை வைச்சு அமத்தும்," என்றாள். வைத்தியம் என்றால் அது! ஆனால் ஆக்லாந்தில் எருக்கலைக்கு எங்கே போவது?

அப்போதுதான் பின்வாசலில் இருந்த பூச்சாடி கண்ணில் பட்டது. ஒன்பது வயது மகள் அபி வெள்ளிக்கிழமை பள்ளியிலிருந்து கொண்டுவந்த செடி. அதைப் பற்றி நீளமாக ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். நான் மீன் பொரித்துக்கொண்டே "ஓம், ஓம்" என்றிருந்தேன். இப்போது ஓர் இலையைக் கிள்ளினேன். பால் வடிந்தது. பூவைப் பார்த்தேன். என் பட்டம் விழித்துக்கொண்டது. எருக்கலையின் குடும்பம்! ஒன்றுவிட்ட தங்கை!

செடி முழுக்கக் கறுப்பும் மஞ்சளுமாய்க் கோடு போட்ட புழுக்கள். பிள்ளை செடியைக் கவனிப்பதே இல்லை என்று முணுமுணுத்தபடி எல்லாவற்றையும் புல்லில் தட்டிவிட்டு, இலைகளை ஒன்றுவிடாமல் உருவினேன். ஓவனில் சூடாக்கிய செங்கல்லைக் குசினித் தரையில் வைத்து, இலைகளைப் பரப்பி, குதியை வைத்தேன்.

எருக்கலை இலை உள்ளங்கை அகலம், நல்ல தடிப்பு. இதுவோ மிளகாய் இலைபோல் மெல்லியது. இந்த வேறுபாடு என் பட்டத்துக்குத் தெரியவில்லை, குதிக்குத் தெரிந்தது. நான் அலற, புகை எழும்ப, கூரையிலிருந்த புகை எச்சரிக்கை மணி என்னைவிடச் சத்தமாக அலறியது.

அபி ஓடிவந்தாள். மொட்டைச் செடியைப் பார்த்தாள். செங்கல்லைப் பார்த்தாள்.

"அம்மா, டிட் யூ குக் தெம்?"

வண்ணத்துப்பூச்சி ஆகப்போகிற ஏழு புழுக்கள். வகுப்பில் சீட்டுப் போட்டு, இந்த வார இறுதிக்கு அவளை நம்பி ஒப்படைத்தவை. திங்கட்கிழமை ஏழையும் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

நொண்டிக்கொண்டு போய்ப் புல்லில் முழந்தாளிட்டேன். கணவரும் வந்து சேர, மூவருமாகத் தேடி ஆறைப் பிடித்தோம். ஏழாவது இல்லை. அபி உள்ளே போய், செங்கல்லிலிருந்து கருகிய இலைகளை ஒவ்வொன்றாக உரித்தாள். அழவில்லை. என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"அசையாதையும்," என்றார் கணவர். "உம்மட தோளில."

அங்கிருந்து ஏழாவது தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. (சந்தேகமாகத்தான்.)

ஆனால் அவற்றுக்குத் தின்ன இலை? கடைகளில் அந்தச் செடி தீர்ந்துபோயிருந்தது. வளர்ந்த புழுக்கள் அவசரத்துக்குப் பூசணிக்காய் தின்னும் என்று அபி இணையத்தில் கண்டுபிடித்தாள். கறிக்கு வைத்திருந்த பூசணியை மெல்லிய துண்டுகளாக நானே சீவினேன். ஏழும் தின்றன. திங்கட்கிழமை ஏழும் பள்ளிக்குப் போயின, ஒரு மன்னிப்புக் கடிதத்தோடு. கடிதம் என்னுடையது, எழுத்துப்பிழை பார்த்தது அபி.

சுட்ட தோல் ஆறியதும் துவாயை இழுக்கத் தொடங்கினேன். வீட்டுக்குள் மட்டும் போட ஒரு புதுச் சப்பாத்தும் வந்தது. சில மாதங்களில் நோவு போய்விட்டது. துவாய்தான் காரணம் என்று இன்னும் முழுதாக நம்பவில்லை.

இப்போது தலையிடி, முதுகு, பல் என்று நான் எதற்கு வாய் திறந்தாலும், கணவர் உடனே குரல் கொடுப்பார்:

"பிள்ளை, அம்மாவுக்கு நோகுதாம். ஓடிப்போய்ப் பூச்சாடியள உள்ளுக்கு எடு!"