வெள்ளிமலை பஸ்ஸில் ஒரு ஜப்பான் கேசட்

எந்தத் துறையிலும் நிபுணர் ஆக எனக்கு நான்கு நாள் போதும் என்று நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. அப்போது எனக்கு வயது முப்பத்தொன்று. ஆகவே பழியைச் சின்ன வயதின் மேல் போட வழியில்லை.

கல்யாணமாகி ஆறு மாதம் ஆகியிருந்தது. எனக்குக் கள்ளக்குறிச்சியில் ஜெராக்ஸ் கடை. மனைவி கோமதி நர்ஸ். அவளுடைய பிறந்த வீடு கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் பக்கம். மாமனார் அங்கே சாமையும் மரவள்ளியும் போடுகிறவர். இளவயதில் சில வருடம் சரக்குக் கப்பலில் சமையலுக்கு உதவியாக இருந்திருக்கிறார். அப்போது ஜப்பானில் ஒரு துறைமுகத்தில் இறங்கி, நாலு வயது மகளுக்கு ஒரு வீடியோ கேம் கேசட் வாங்கினார். அட்டையில் ஒரு மலை, ஒரு ஓட்டு வீடு, ஒரு மாடு போட்டிருந்ததால் நம்மூர் சமாச்சாரம் என்று நினைத்தாராம். அதை ஆட டிவியும் தனியாக ஒரு மிஷினும் வேண்டும் என்பது ஊருக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அவற்றை வாங்கும்போது பிரிக்கலாம் என்று டிரங்குப் பெட்டியில் வைத்தார். டிவி வந்தது, மிஷின் வரவில்லை. கோமதி வளர்ந்து, படித்து, வேலைக்குப் போய், என்னையும் கட்டிக்கொண்டாள். கேசட் பெட்டியைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாள் மட்டும் அப்படியே இருந்தது.

ஒருமுறை மலைக்குப் போயிருந்தபோது அதை எடுத்துக் காட்டினாள். “இப்பவாச்சும் பிரிச்சிப் பாக்கலாமா?” என்று தாளில் நகத்தை வைத்தாள். நான் பாய்ந்து கையைப் பிடித்தேன். இதற்கெல்லாம் விலை உண்டு என்று எங்கேயோ படித்த ஞாபகம்.

ஊருக்குத் திரும்பி நான்கு நாள் இணையத்தில் உட்கார்ந்தேன். (ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் தாங்களே எடுத்துக்கொண்டு போனார்கள்.) பழைய கேம்களைச் சேகரிக்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். வெறும் கேசட் என்றால் ஒரு விலை. அட்டைப்பெட்டியும் உள்ளே வரும் விளக்கப் புத்தகமும் சேர்ந்திருந்தால் பல மடங்கு. பிரிக்கவே பிரிக்காதது என்றால் அதற்கும் மேலே. எந்த நாட்டில் விற்றது என்பதைப் பொறுத்தும் விலை மாறும். கடைசி வாக்கியத்தை மட்டும் நான் வேகமாகப் படித்துவிட்டேன்.

திரையில் பார்த்த தொகையை மாமனாருக்குப் போனில் சொன்னேன். அவர் அந்தப் பணத்தில் கொல்லையில் ஒரு போர் போட்டுவிடலாமா என்று கேட்டார். தாராளமாக, என்றேன். மறுநாளே நீரோட்டம் பார்க்கிற ஆளுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். கோமதி மட்டும், “அப்ப நான் அத ஆடவே போறதில்ல” என்றாள். அதை ஒரு கேள்வியாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

புதுச்சேரியிலிருந்து ஒரு சேகரிப்பாளர் ஞாயிற்றுக்கிழமை கள்ளக்குறிச்சிக்கு வந்து பார்ப்பதாகச் சொன்னார். சனிக்கிழமையே மலை ஏறினேன். ஒரு துண்டில் சுற்றித் தானே கொண்டுவந்து தருவதாக மாமனார் சொன்னார். பயிற்சி இல்லாதவர்கள் தொடக்கூடாது என்று விளக்கி, கோமதியிடம் வாங்கி வந்திருந்த ஆஸ்பத்திரி கையுறையை மாட்டிக்கொண்டேன். கேசட் பெட்டியைப் பஞ்சில் சுற்றி, தெர்மகோலில் பொதிந்து, செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் வைத்து, டேப் ஒட்டினேன். மாமனார் பக்கத்தில் நின்று டேப் கிழித்துக் கொடுத்தார்.

மறுநாள் காலை பஸ். மலை இறங்குமுன் கள்ளச்சாராயத்துக்காக வழக்கமான போலீஸ் சோதனை. ஏறிய போலீஸ்காரர், கையுறை போட்டுக்கொண்டு பெட்டியை மார்போடு அணைத்திருந்த ஒருவனைப் பார்த்தார்.

“உள்ள இன்னா?”

“விளையாட்டு சார்.”

“யார்கிட்ட?”

விளக்கினேன். பிரித்தால் மதிப்பு போய்விடும் என்றும் சொன்னேன். (போலீஸிடம் சொல்லக்கூடாத வாக்கியங்களில் இது முக்கியமானது.) அவர் கோபப்படவில்லை. பிளேடால் ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டே போனார். பஞ்சு, தெர்மகோல், கடைசியில் இருபத்தேழு வருடத்துப் பிளாஸ்டிக் தாள். உள்ளே மாட்டுப் படம். “மாட்டுக்கா இத்தன கட்டு?” என்று கேட்டுவிட்டு இறங்கிப்போனார். அவர் கடமையைத்தான் செய்தார். செருப்புப் பெட்டி கிழிந்துவிட்டதால் கேசட் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். முதல் ரகம் போனாலும் இரண்டாம் ரகம் இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

எனக்கு மலைப்பாதை ஒத்துக்கொள்ளாது. வாந்திக்குக் கோமதி மாத்திரை கொடுத்திருந்தாள். போட்டால் தூக்கம் வரும், காவல் தளரும் என்று நான் போடவில்லை. மூன்றாவது வளைவில் காது அடைத்தது. ஐந்தாவது வளைவில் பக்கத்தில் புளி மூட்டையோடு உட்கார்ந்திருந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். அவர் நல்ல மனுஷி. கணமும் யோசிக்காமல் என் மடியிலிருந்த பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த கேசட்டையும் புத்தகத்தையும் எடுத்துப் பத்திரமாகத் தன் மடியில் கட்டிக்கொண்டு, பெட்டியை என் தாடைக்குக் கீழே பிடித்தார்.

“எத்துடு சாமி, அடக்காத.”

அடக்கவில்லை. பிறகு அவர் பெட்டியை ஜன்னல் வழியாக வெளியே போட்டார். விளக்கப் புத்தகத்தைக் கிழித்து என் வாயைத் துடைத்துவிட்டார். புரியாத எழுத்தாக இருந்ததால் முக்கியமான தாளாக இருக்காது என்று நினைத்தாராம். அடிவாரத்துக் கோமுகி அணை தெரிந்தபோது என்னிடம் வெறும் கேசட் இருந்தது, மூன்றாம் ரகம். கையுறை மட்டும் சேதமில்லாமல் இருந்தது.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் புதுச்சேரிக்காரர் காத்திருந்தார். கேசட்டைத் திருப்பிப் பார்த்தார். என்னையும் பார்த்து, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். நான் திரையில் பார்த்தது அமெரிக்காவில் விற்றதற்கான விலை என்றார். அங்கே அது கம்மியாகத்தான் விற்றதாம். ஜப்பானில் வீட்டுக்கு வீடு இருந்ததாம். பிரிக்காமல் இருந்தாலும் போர் போடுகிற தொகையெல்லாம் வராது, ஒரு மிக்ஸி வாங்கலாம் என்றார். இப்போதைய நிலைக்கு என்ன கொடுப்பார் என்று கேட்டேன். டீ வாங்கிக் கொடுத்தார்.

அங்கிருந்தே மாமனாருக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொல்லி, நீரோட்டக்காரரை வரவேண்டாம் என்று சொல்லிவிடும்படி கேட்டேன். அவர் ஏற்கனவே வந்து, தேங்காயை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொல்லையைச் சுற்றிக்கொண்டிருந்தாராம். திட்டுவார் என்று காத்திருந்தேன். “உடம்புக்கு இப்ப பரவால்லீங்களா மாப்ள?” என்று கேட்டார். திட்டியிருக்கலாம்.

வீட்டில் கோமதி நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டாள். கேசட்டைக் கையில் வாங்கி, முந்தானையால் துடைத்தாள்.

“பிரிக்கிறதுன்னா நான் ஒழுங்கா பிரிச்சிருப்பேன் இல்ல.”

அன்று செய்ய முடிந்தது ஒன்றுதான். புதுச்சேரிக்காரருக்கு மறுபடி போன் போட்டு, அந்தக் கேசட் பொருந்துகிற ஜப்பான் மிஷின் எங்கே கிடைக்கும் என்று கெஞ்சினேன். மஞ்சளாகிப்போன ஒன்று தன்னிடம் கிடப்பதாகவும், அந்த நிலையில் அதை எந்தச் சேகரிப்பாளரும் தொடமாட்டார் என்றும் சொல்லி, சும்மாவே அனுப்பிவைத்தார். இரண்டு தினத்தாளில் சுற்றி வந்தது. ஒரு கீறல் இல்லை.

அதை மலைக்குக் கொண்டுபோய், மாமனார் வீட்டுப் பழைய டிவியில் இணைத்தோம். கோமதி ஒரு நாள் முழுக்கத் திரையில் விதைத்தாள், தண்ணீர் ஊற்றினாள், மாட்டைக் குளிப்பாட்டினாள். நான்கு வயதில் எப்படி இருந்திருப்பாள் என்று எனக்குத் தெரிந்தது. மாமனார் பின்னால் உட்கார்ந்து கவனித்துக்கொண்டே இருந்தார். “இதுல களையே எடுக்க மாட்டேன்றாங்க, இன்னா வெள்ளாம இது” என்று கடைசியில் எழுந்துபோனார். போர் பிறகு அரசு மானியத்தில் போட்டார்.

அதற்குப் பிறகு மலையிலிருந்து நான் இறங்கும்போது யாரும் என் கையில் எதையும் கொடுப்பதில்லை. சாமை அரிசிப் பையைக்கூட டிரைவரிடம்தான் கொடுப்பார்கள். போன வருடம் எங்களுக்கு மகள் பிறந்தாள். ஐந்தாம் மாதம் அவளை மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு அழைத்துவரக் கிளம்பினோம். பஸ்ஸில் உட்கார்ந்து நான் கையை நீட்டினேன். மாமனார் கவனிக்காததுபோல் குழந்தையோடு முன் சீட்டுக்குப் போனார். கள்ளக்குறிச்சி வரை அவர் மடியைவிட்டு இறக்கவில்லை.

என் கையில் கோமதி ஒரு பாலித்தீன் பையைக் கொடுத்தாள்.