எலுமிச்சைக்கும் அத்திக்கும் ஒரே நீதி

மனித குலத்தில் நடுநிலை என்ற ஒன்று இன்னும் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறது என்றால், அதற்கு என் கொழுந்தனாரே காரணம். இதைக் குடும்பப் பாசத்தில் சொல்லவில்லை. எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைத் தராசுகளுக்கு முத்திரை வைத்து வைத்து, தாமே ஒரு தராசாகிவிட்டவர். காலையில் சட்டை போடுவதென்றாலும் இரண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நிற்பார். கை வலிக்கும் நேரத்தில் என் ஓரகத்தி மூன்றாவது ஒன்றைக் கொண்டுவந்து மாட்டிவிடுவாள்.

என் கணவர் படுத்த படுக்கையானபோது இந்தத் திறமை உச்சத்தைத் தொட்டது. ஒரு மருத்துவமனையில் கருவிகள் நன்று. இன்னொன்றில் டாக்டர்கள் நன்று. கொழுந்தனார் இரண்டுக்கும் நேரில் போனார். கட்டில்களை அழுத்திப் பார்த்தார். இரண்டு இடத்து லிஃப்டிலும் ஏறி இறங்கினார். ஒப்பீடு ஏறக்குறைய முடிந்துவிட்டது. அதற்குள் என் கணவர்தான் அவசரப்பட்டுவிட்டார்.

அவர் விட்டுப்போனவை, வீட்டின் பின்புறத்தில் அவர் வளர்த்த இரண்டு மரங்கள். ஒன்று எலுமிச்சை, ஒன்று சீமையத்தி. எலுமிச்சைக்கு வேரடி காயக் கூடாது. எருவும் அடிக்கடி கேட்கும். அத்திக்கு வெயில் போதும். தண்ணீரை அளவுக்கு மீறி ஊற்றினால் வேர் அழுகும். “இவளுக்குத் தாகம், அவனுக்கு ரோஷம்” என்பார் என் கணவர். ஒன்றுக்கு வாளி, ஒன்றுக்குச் செம்பு என்று பாரபட்சமாக ஊற்றுவார். படிப்பு போதாதவர். இரண்டும் காய்த்துத் தள்ளின.

இப்படியிருக்க, மாடியில் குடியிருந்த கொழுந்தனாருக்குக் கார் வாங்கும் எண்ணம் வந்தது. நிறுத்த இடம் வேண்டும். ஒரு மரம் போக வேண்டும்.

“அத்தியை எடுத்துக்கங்க தம்பி. எலுமிச்சை இருக்கட்டும்” என்றேன்.

“எப்படி அண்ணி சட்டுனு சொல்லிடறீங்க? அத்தி என்ன பாவம் பண்ணுச்சு?”

“அப்ப எலுமிச்சையை எடுங்க. ஏதாவது ஒண்ணு எனக்கு மிஞ்சினாப் போதும்.”

“இதத்தான் வேணாங்கறேன். விசாரிக்காம ஒரு உயிரை எடுக்கலாமா?”

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கே வெட்கமாகிவிட்டது.

உடனே ‘மர ஒப்பீட்டுக் குழு’ அமைக்கப்பட்டது. தலைவர், கொழுந்தனார். உறுப்பினர், ஓரகத்தி. நிபுணர், அடுத்த வீட்டுப் பெண். அவள் ஒரு கம்பெனியில் மனிதவள அதிகாரி. எத்தனையோ பேரைச் சிரித்த முகத்தோடு வீட்டுக்கு அனுப்பிய அனுபவம் உள்ளவள். நான் ‘சிறப்பு அழைப்பாளர்’. அதாவது கருத்து கூடாது, டீ உண்டு.

முதல் கூட்டம் எங்கள் கூடத்தில் நடந்தது. நிபுணர் ஜன்னல் வழியாக இரு தரப்பையும் பார்வையிட்டாள்.

“எலுமிச்சை நல்லாத்தான் வேலை செய்யுது சார். ஆனா முள் இருக்கு. கூட இருக்கறவங்களோட ஒத்துப்போகாது.”

“அத்தி?”

“அது பூத்து நான் பார்த்ததே இல்ல. செய்யற வேலை வெளிய தெரியணும் சார்.”

“அத்திப்பூ பழத்துக்குள்ளயே இருக்கும்மா” என்றேன்.

“பாத்தீங்களா ஆன்ட்டி, ஒளிச்சு வைக்குது.”

ஓரகத்தி கொட்டாவி விட்டாள். “எலுமிச்சையில சாறு பிழியலாம், பாத்திரம் தேய்க்கலாம். அத்தியில பழம், நிழல். இதுக்கு எதுக்குங்க கூட்டம்? காசைச் சுண்டிப் போடுங்க.”

“காசைச் சுண்டறதா! நான் முப்பது வருஷம் உத்தியோகம் பாத்தவன்டி!”

“அதான் தெரியுதே” என்று அவள் எழுந்து போனாள். அது ‘வெளிநடப்பு’ என்று பதிவானது.

குழு ஒருமனதாகத் தீர்மானித்தது: சம வாய்ப்பு தராமல் ஒப்பிடுவது அநீதி. ஆகவே இரண்டு மரத்துக்கும் ஒரே எரு, ஒரே அளவு தண்ணீர். வாளிக்கும் செம்புக்கும் நடுவாக ஓர் அளவு கண்டுபிடிக்கப்பட்டது.

“வேணாம் தம்பி. அது எலுமிச்சைக்குப் பத்தாது, அத்திக்குத் தாங்காது. உங்க அண்ணன்...”

“அண்ணன் பாசக்காரர், அண்ணி. பாசம் வேற, முறை வேற. ஒரு கடைக்கு ஒரு படி, இன்னொரு கடைக்கு வேற படின்னு ஊரை நடத்த முடியுமா?”

மறுநாள் காலை நான் எலுமிச்சைக்குத் திருட்டுத்தனமாக ஒரு வாளி ஊற்றியதை மாடியிலிருந்து பார்த்துவிட்டார். கோபித்துக்கொள்ளவில்லை, பெருந்தன்மையாளர். கீழே வந்து தோட்டத்துக் குழாயைக் கம்பியால் கட்டி, பழைய உத்தியோக ஞாபகத்தில் ஈயத்தை நசுக்கி முத்திரை வைத்துவிட்டுப் போனார். எனக்குத் தெரிந்து, முத்திரையிடப்பட்ட குழாய் உலகில் அது ஒன்றுதான். சமையலறையிலிருந்து தண்ணீர் எடுத்துப் போனேன். தோட்டக் கதவுக்கும் முத்திரை விழுந்தது.

எலுமிச்சை இலை சுருண்டது. அத்தி இலை மஞ்சளாகி உதிர்ந்தது. குழு பெரிதும் ஊக்கம் பெற்றது. இரண்டு மரங்களும் முதல் முறையாக ஒரே திசையில் நகர்கின்றன அல்லவா? “நல்ல டீம் ஸ்பிரிட்” என்றாள் நிபுணர். நான் ஜன்னலில் நின்று என் கணவர் நட்ட மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு இன்னும் முத்திரை வைக்கவில்லை.

ஒரு காலைப் பொழுதில் கொழுந்தனார் இரண்டு மரத்தின் பட்டையையும் நகத்தால் கீறிப் பார்த்தார். உள்ளே பச்சை இல்லை. என்னிடம் வந்தார். முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

“ரெண்டும் சரிசமம், அண்ணி. யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது.”

“கார் எப்ப வருது தம்பி?”

“ரெண்டு கார் பாத்து வெச்சிருக்கேன். ஒப்பிட்டுட்டிருக்கேன்.”

பிறகு அவரே சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு மரங்களை அகற்ற இறங்கினார். அத்தி சாதுவாக விழுந்தது. எலுமிச்சையைப் பிடித்து இழுத்தபோது, காய்ந்த முள் ஒன்று அவர் உள்ளங்கையில் ஏறி ஒடிந்தது. சாயங்காலத்துக்குள் கை வீங்கிவிட்டது. அடுத்த வீட்டுப் பெண் தன் காரைக் கிளப்பினாள். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

“எந்த ஆஸ்பத்திரி தம்பி? ஒண்ணுல கருவி நல்லாயிருக்கும், இன்னொண்ணுல டாக்டருங்க நல்லாயிருப்பாங்க.”

“எதுவா இருந்தா என்ன! பக்கத்துல எது இருக்கோ அங்க விடச் சொல்லுங்க, அண்ணி!”

பக்கத்தில் இருந்ததற்கே போனோம். முள்ளை எடுத்துவிட்டார்கள். கொழுந்தனார் நலமாக இருக்கிறார்.

அவர் காரில் சொன்ன அதே வார்த்தைகளை அவருடைய அண்ணனும் சொன்னார், படுக்கையிலிருந்து, இவர் கையைப் பிடித்துக்கொண்டு. அப்போது அது பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது.