குத்தகைக்கு விட்ட விளையாட்டுப் பெட்டி

அகராதி வாசிக்கும் பழக்கம் உள்ளவனிடம் நோட்டீஸ் எழுதும் வேலையைக் கொடுக்கக் கூடாது. பொது நன்மைக்காக இதைச் சொல்கிறேன். பட்டுக்கோட்டை வட்டாரத்தில் ஒரு விளையாட்டுப் பெட்டிக் கம்பெனியின் வியாபாரம் ஒரே சொல்லால் படுத்துவிட்டது. அந்தச் சொல்லைத் தேடிப் பிடித்துப் போட்டவன் நான்தான்.

பள்ளிக்கூட நாளிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். கிழமை, மணி, மழை உண்டா, மேட்டூர் திறந்தாயிற்றா என்று எல்லாம் இருக்கும். (என் கல்யாணத்தில் தாலி கட்டிய நிமிடம்கூட இருக்கிறது. அவசரத்தில் மணப்பெண்ணின் பெயரைத்தான் விட்டுவிட்டேன். பிறகு ஓரத்தில் சேர்த்தேன்.) ஆனால் அந்த ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் இரண்டே வரிகள்: ‘மழை இல்லை. என்னால் ஒரு கூட்டம் கூடிற்று.’

சரித்திரத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு மூன்று வருடம் சும்மா இருந்தவன், அந்த வெளிநாட்டுக் கம்பெனிக்குத் தஞ்சாவூர் மாவட்டப் பிரதிநிதி ஆனேன். டிவியில் செருகி விளையாடும் பெட்டியைக் கடை கடையாகப் போய் விற்க வைக்கும் வேலை. கழுத்தில் டை. ஒரத்தநாட்டு வெயிலில் டை கட்டிக்கொண்டு பைக்கில் போன ஒரே ஜீவன் நான்தான் என்று நினைக்கிறேன். ஆடுகள்கூட நின்று பார்க்கும்.

எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் டிவி இருந்தது. அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது. கம்பெனிக்காரர்கள் அதைக் கேள்விப்பட்டுத்தான் இந்தப் பக்கமே வந்தார்கள். கூடவே கேள்விப்பட்டிருக்க வேண்டிய இன்னொன்றைக் கேள்விப்படவில்லை. டிவி வந்தது ஒரு ஆட்சியில். கரண்ட் போனது இரண்டு ஆட்சியிலும்.

ஆனி மாதத்தில் கம்பெனி புது விதி ஒன்று கொண்டுவந்தது. பெட்டி தினம் ஒரு தடவை இணையம் வழியாகத் தலைமையகத்தோடு பேச வேண்டும். பேசாவிட்டால் பூட்டிக்கொள்ளும். மூன்று நாள் தொடர்ந்து பேசாவிட்டால், யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரே அடையாள அட்டையோடு நேரில் வந்தால்தான் திறப்பார்கள். ஆட்டத்தை இரவல் தரக் கூடாது, விற்கக் கூடாது. காசு கொடுத்து வாங்கிய பெட்டி, மாமியார் வீட்டுக்கு வந்த மருமகள் மாதிரி தினம் ஆஜர் கொடுக்க வேண்டும்.

இதை விளக்கத் தஞ்சாவூரில் ஓர் ஓட்டலில் கடைக்காரர்கள் கூட்டம். பெங்களூரிலிருந்து மண்டல மேலாளர் வந்திருந்தார். அவர் ஆங்கிலத்தில் பேச, நான் தமிழில் சொன்னேன். பட்டுக்கோட்டையில் எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருந்த கரீம் பாய் எழுந்து, கரண்டே இல்லாத நேரத்தில் பெட்டி எப்படிப் பேசும் என்று அமைதியாகக் கேட்டார். மேலாளர் சிரித்தபடி, அப்படிப்பட்டவர்களுக்குத்தான் பழைய மாடல் இருக்கிறதே என்றார். அதோடு நான் விட்டிருக்கலாம். நம் மொழித்திறமையைப் பெங்களூருக்குக் காட்ட வேண்டாமா?

“வசதி இல்லாதவங்க இதை வாங்கணும்னு கம்பெனி ஆசைப்படலை” என்று தமிழ்ப்படுத்தினேன்.

கரீம் பாய் உட்கார்ந்தார். “தம்பி, அவரு இவ்வளவு சொல்லலியே” என்றார். அவருக்கு ஆங்கிலம் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த வாரம் நோட்டீஸ் வந்தது. பெட்டியில் ஓடும் ஆட்டங்கள் வாங்கியவருக்குச் சொந்தமல்ல, லைசென்ஸ் மட்டும்தான் என்று ஆங்கிலத்தில் இருந்ததை நான் தமிழாக்க வேண்டும். ‘உரிமம்’ என்று போட்டிருந்தால் தீர்ந்தது. ஆனால் அகராதி வாசிப்பவனுக்குத் தூக்கம் வருமா? உரிமம் என்றால் உரிமை என்று ஜனங்கள் குழம்புவார்களே, உரிமை எதுவும் இல்லை என்பதுதானே விஷயம், விவசாயிகளுக்குச் சட்டென்று புரிகிற சொல்லாக இருக்க வேண்டுமே என்று இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் கிடைத்தது: ‘இந்த விளையாட்டு உங்களுக்குச் சொந்தமல்ல. குத்தகைக்கு மட்டுமே தரப்படுகிறது. நிறுவனம் எந்நேரமும் குத்தகையை ரத்து செய்யலாம்.’

சட்டென்று புரிந்தது. அதில் குறையே சொல்ல முடியாது.

இதில் வேடிக்கை, நானே குத்தகை விவசாயியின் மகன். கோயில் நிலம் இரண்டு ஏக்கரிலிருந்து வெளியேற்றப்படாமல் இருக்க அப்பா வருவாய் நீதிமன்றத்துக்குப் பதினோரு வருடம் நடந்தார். அந்த வழக்குக் கட்டைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டியவன் நான். அதன் வாய்தா நாட்களை எல்லாம் வரிசையாக எழுதி வைத்தவனும் நான். நோட்டீஸ் எழுதும்போது அது ஒன்றும் ஞாபகத்தில் வரவில்லை. டை இறுக்கமாக இருந்திருக்க வேண்டும்.

ஆவணிச் செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால். கரீம் பாய் கடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் நோட்டீஸின் வாசகங்களையே பேனராகக் கட்டியிருந்தார்கள். அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் உரச்சாக்கில் எதையோ சுற்றித் தூக்கிக்கொண்டு வந்து பேனரை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். பிறகு உள்ளே வந்து சாக்கைப் பிரித்தார். எங்கள் கம்பெனிப் பெட்டி.

அவர் பெயர் தங்கையன். ஒரத்தநாட்டுப் பக்கம் குத்தகை சாகுபடி. அந்த வருடம் புது ஆற்றுக் கால்வாயில் தண்ணீர் வரவில்லை, நாற்றங்கால்கூடப் போடவில்லை. மகன் செந்தில் துபாயில் இருந்தான். லீவில் வந்தபோது இந்தப் பெட்டியை வாங்கித் தன் பெயரில் பதிந்து, அப்பாவுக்கு விளையாடச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருந்தான். பயிர் வைப்பதா, குத்தகையை விட்டுவிடுவதா என்று இருவருக்கும் ஏற்பட்ட சண்டையில் போன் பேச்சு நின்றுபோயிருந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. மத்தியானம் மூன்று மணிக்கு அங்கே அவனும் இங்கே இவரும் இணையம் வழியாகக் கார்ப் பந்தயம் ஓட்டுவார்கள். பேச மாட்டார்கள். ஓட்டுவார்கள். அவ்வளவுதான் அவர்களுக்குள் மிச்சம் இருந்தது.

ஆடியில் டிரான்ஸ்பார்மர் எரிந்து மூன்று நாள் ஊருக்குக் கரண்ட் இல்லை. பெட்டி பூட்டிக்கொண்டது. நான்கு வெள்ளிக்கிழமை போய்விட்டது என்றார்.

நான் நோட்டீஸை எடுத்து அவருக்கு வாசித்துக் காட்டத் தொடங்கினேன். (எழுதியவன் வாசித்தால் சுவை கூடும் என்ற எண்ணம்.) பதிவு செய்தவர் நேரில் வர வேண்டும் என்றேன்.

“அவன் துபாய்ல இருக்கான் தம்பி.”

“அப்ப திறக்க முடியாதுங்க.”

அவர் பேனரைக் காட்டினார். “குத்தகைன்னு போட்டிருக்கு. போட்டது யாரு?”

நான் சற்று நிமிர்ந்து உட்கார்ந்து, நான்தான் என்றேன்.

“நல்லது. குத்தகைன்னா பதிவேட்டுல எம்மவன் பேரு ஏறியிருக்கா?”

கம்பெனிக் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்றேன்.

“அப்ப பதிவு பெற்ற குத்தகைதாரர். கோர்ட்டு உத்தரவு இல்லாம எப்படிப்பா வெளியேத்துனீங்க?”

அதற்குள் டீக்கடையிலிருந்தும் உரக்கடையிலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் கிரிக்கெட்டுக்கு அடுத்தபடி எல்லோருக்கும் தெரிந்த விஷயம் குத்தகைச் சட்டம்தான். ஒருவர், குடும்பத்தில் யார் உழுதாலும் குத்தகை செல்லும், மகன் பேரில் இருந்தால் அப்பன் விளையாடலாம் என்றார். இன்னொருவர், தண்ணி வராத வருஷத்துக்கு வஜா உண்டே, தள்ளுபடி, கரண்ட் வராத நாளுக்குக் கம்பெனி என்ன வஜா கொடுக்கிறது என்று கேட்டார். பின்னாலிருந்து ஒரு குரல், டிவியை அரசாங்கம் இனாமா கொடுத்திருக்கு, அதுல சொருகுற டப்பாவுக்கு இவன் பண்ணையார் வேலை பாக்குறானா என்றது.

அந்த இடத்தில் ஒரு மன்னிப்புக் கேட்டிருந்தால் டீயைக் குடித்து முடித்திருக்கலாம். நான் எழுந்து, டையைச் சரிசெய்து, தஞ்சாவூர் ஓட்டலில் சொன்ன அதே வாக்கியத்தைச் சொன்னேன். வசதி இல்லாதவங்க வாங்கணும்னு கம்பெனி ஆசைப்படலை.

யாரும் கை ஓங்கவில்லை. ஓங்கியிருந்தால் தேவலை. தங்கையன் பெட்டியைத் திரும்பச் சாக்கில் சுற்றினார்.

“தம்பி, எங்க அப்பா காலத்துல பண்ணையார் வரமாட்டாரு. காரியக்காரரை அனுப்புவாரு. அவரும் இப்படித்தான், நம்ம ஆளாத்தான் இருப்பாரு.”

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது. களத்து மேட்டில் நெல்லை அளந்து பிடுங்கிக்கொண்டு போகிற பண்ணை ஆளின் பெயர் அது.

வாரம் முடிவதற்குள் கடை வாசலில் பதினான்கு பெட்டிகள். பணம் திரும்ப வேண்டாம், குத்தகை வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டுப் போனார்கள். கரீம் பாய் பேனரைத் தானே அவிழ்த்து, மழைக்கு ஜெனரேட்டர் மேல் போர்த்தினார். “ரொம்ப நல்ல துணி தம்பி. எழுத்துதான் சரியில்ல” என்றார். அதற்குப் பிறகு அந்தக் கம்பெனியின் எந்தப் பொருளையும் அவர் கடையில் ஏற்றவில்லை. அக்கம்பக்கத்துக் கடைகளும் அப்படியே செய்தன.

தங்கையன் திங்கட்கிழமை கலெக்டர் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக் கொடுத்தார். மனு தாசில்தாருக்கு வந்து, தாசில்தார் என்னைக் கூப்பிட்டார். அடுத்த வாரம் வியாழக்கிழமை, பதினொன்றரை மணி. எழுத்தர் மனுவை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, சர்வே நம்பர் என்ன என்றார். இல்லை என்றேன். நஞ்சையா புஞ்சையா என்றார். தாசில்தார் நோட்டீஸை இரண்டு முறை படித்தார்.

“இது இந்த ஆபீஸ் எல்லையில வராது. ஆனா குத்தகைன்னு எழுதிட்டு எந்நேரமும் ரத்துன்னு தஞ்சாவூர் ஜில்லாவுல எழுதுன முதல் ஆள் நீங்கதான். எந்த ஊரு நீங்க?”

சொன்னேன். அவர் அப்பாவின் பெயரைக் கேட்டார். அதையும் சொன்னேன். அவருக்கு அந்த வழக்கு தெரிந்திருந்தது. பேனாவை மூடிவிட்டு, நீங்க போகலாம் என்றார். அவ்வளவு மரியாதையாக என்னை யாரும் வெளியேற்றியதில்லை.

நான் வீட்டுக்குப் போகுமுன் செய்தி போயிருந்தது. அப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து நோட்டீஸைக் கையில் வைத்திருந்தார். திட்டுவார் என்று நின்றேன். அவர் அம்மாவைக் கூப்பிட்டு, “காரியக்காரர் வந்திருக்காரு. இலை போடு” என்றார். சோற்றில் ஒரு குறையும் இல்லை. அன்று மட்டும் எனக்கு இரண்டாம் முறை ரசம் கேட்கத் தோன்றவில்லை.

நாடு முழுக்கவே எதிர்ப்பு கிளம்பியிருந்ததாகப் பிறகு தெரிந்தது. நகரத்துக்காரர்கள் இணையத்தில் திட்டினார்கள், எங்கள் ஆட்கள் மனுக் கொடுத்தார்கள். ஐப்பசியில் கம்பெனி, வாடிக்கையாளர்களின் அன்பான கருத்துகளை ஏற்று விதியை விலக்கிக்கொள்கிறோம் என்று அறிவித்தது. அதே வாரத்தில் என்னையும் விலக்கிக்கொண்டது.

டை இல்லாமல் ஒரு வெள்ளிக்கிழமை தங்கையன் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான். மூன்று மணி. கரண்ட் இருந்தது. பெட்டியும் திறந்திருந்தது. அவர் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையில் ஒரே ஒரு கார் புறப்படும் கோட்டில் நின்றது.

“அவனை வேற சைட்டுக்கு மாத்திட்டாங்களாம். அங்க நெட்டு இல்லியாம். பக்கத்து வீட்டுப் பையன் சொன்னான்.”

போனில் பேசிப் பார்க்கலாமே என்றேன்.

“என்னான்னு ஆரம்பிக்கிறது தம்பி?” என்றார். பிறகு எனக்கு டீ போடச் சொன்னார். நான் கேட்க வந்ததைக் கேட்டேன்; அவர் தலையசைத்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று நாட்குறிப்பில் எழுத முடியவில்லை. நேரம் மட்டும் இருக்கிறது: மூன்று நாற்பது வரை கார் கிளம்பவில்லை.

இன்றுவரை எங்கள் குடும்பத்தில் அச்சாகும் எதையும் என்னிடம் காட்டுவதில்லை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, புதுமனை புகுவிழா, எதுவானாலும், “காரியக்காரர் கண்ணுல படாம பிரஸ்ஸுக்கு அனுப்புங்க” என்று சிரிப்பார்கள். என் மகள் புதுப் பேனா வாங்கிக் கொடுத்தால்கூட, சொந்தமா குத்தகையா என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பாள்.

அப்பா இறந்தபோது கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியும் அப்படித்தான் எனக்குக் காட்டாமலே அச்சாகி வந்தது. தங்கை வீட்டுக்காரர் எழுதியிருந்தார். பஸ் ஸ்டாண்டிலிருந்து வாய்க்கால் மதகு வரை ஒட்டியிருந்தார்கள். அப்பா இறந்த தேதியில் ஒரு நாள் தவறு. பள்ளிக்கூட நாளிலிருந்து தேதி எழுதுகிறவன், அதைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறக்காமல் நின்றேன்.

பெயருக்குக் கீழே ‘குத்தகை விவசாயி’ என்று போட்டிருந்தது. அந்தச் சொல் சரியான இடத்தில்தான் இருந்தது.