வாங்க என்றொரு போர்டு

"சார், தக்கடி கிடைக்குங்களா?"

பையை இறக்கி வைத்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. குத்தாலிங்கம் தண்ணீர்ச் செம்பை நீட்டியபடி அப்படியே நின்றுவிட்டார்.

குற்றாலத்துக்கு வருகிறவர்கள் பரோட்டா கேட்பார்கள், நாட்டுக்கோழி கேட்பார்கள். அதற்கெல்லாம் அவர் பதில் தயாராக வைத்திருந்தார். அரிசி மாவை உருண்டை பிடித்துக் கறிக்குழம்பில் வேகவைக்கிற தக்கடி, முஸ்லிம் வீட்டு அடுப்புகளில் ஆகிற பண்டம். கோயம்புத்தூர்க்காரரான இந்த மணிகண்டபிரபு அதை எங்கே கேள்விப்பட்டாரோ! கேட்பதற்கு முன்னால் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய சீட்டை வேறு எடுத்துப் பார்த்துக்கொண்டார்.

"அதுக்கென்ன, செஞ்சிருவோம்" என்றார் குத்தாலிங்கம். முப்பத்து மூன்று வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். இடமில்லை என்று எந்தப் பயணியையும் இறக்கிவிட்டதில்லை. பழக்கம் விடுமா?

பாவூர்சத்திரத்திலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே இருக்கிற கருவக்குளத்தில் அவருடைய வீடு. மாடியில் இரண்டு அறைகள் சும்மா கிடந்தன. பெங்களூரில் இருக்கும் மகள் உமா மகேஸ்வரி அவற்றைப் படம் பிடித்து நெட்டில் போட்டாள். வீட்டுக்கு 'வாங்க' என்று பெயரும் வைத்து, பச்சை நிறத்தில் ஒரு போர்டும் எழுதி அனுப்பினாள். போர்டு மாட்டி இரண்டு மாதமாயிற்று. குற்றாலத்தில் சாரல் தொடங்கி லாட்ஜுகள் நிரம்பி வழிந்தும், இந்தப் பக்கம் ஒரு ஈ காக்கை திரும்பவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் கறாராகச் சொல்லிவிட்டாள். "அப்பா, இந்த சீசன்ல ஒரு ஆளாவது வந்து தங்கி, நல்லாருந்துச்சுன்னு நெட்ல நாலு வரி எழுதணும். இல்லன்னா வீட்டைப் பூட்டிட்டு ரெண்டு பேரும் இங்க வந்துரணும். தனியா அங்கன கெடந்து என்ன செய்யப்போறீங்க?"

பஸ் இரைச்சலிலேயே காலம் கழிந்ததால் குத்தாலிங்கத்துக்குக் காது கொஞ்சம் மந்தம். போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அதனால் அவர் வீட்டுச் செய்தி அவருக்குத் தெரிகிற அதே நேரத்தில் தெருவுக்கும் தெரிந்துவிடும்.

மகள் வீடு பதினோராவது மாடி. அங்கே நின்றுகொண்டு யாரைப் பார்த்து "எங்கன போயிட்டு வாரீய?" என்று கேட்பது? நாளைக்கு நாற்பது பேரிடமாவது அதைக் கேட்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் புதன்கிழமை போன் வந்து, வெள்ளிக்கிழமை காரும் வந்தது. மணிகண்டபிரபு வளைகுடாவில் வேலை பார்க்கிறவர், லீவுக்கு வந்தவர். கூடவே அவருடைய அம்மா. அம்மாவுக்குச் சுத்தமாகக் காது கேட்காது. தான் குசுகுசுவென்று பேசுவதாக நினைத்துக்கொண்டு அந்த அம்மாள் வாயைத் திறந்தால், தெருக்கோடி டீக்கடையில் டீ ஆற்றுகிறவர் திரும்பிப் பார்ப்பார்.

சமையலறையில் மனைவி அகிலாண்டேஸ்வரி சட்டென்று வழி சொன்னாள். "இதுக்கு எதுக்கு முழிக்கிய? எதுத்த வீட்டு அலிமாட்ட சொன்னா ஒரு மணி நேரத்துல செஞ்சு தந்துருவா."

"அந்த வீட்டுப் பேச்சை எடுக்காத."

எதிர் வீடு ஆதம் வீடு. அலிமா அவருடைய மனைவி. ஆதம் பதினெட்டு வருஷம் மஸ்கட்டில் இருந்துவிட்டு வந்தவர். குத்தாலிங்கமும் அவரும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. சாயங்காலம் ஆனால் ஒரே கேரம் போர்டு. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஆதமின் மகள் ஷஹானாவுக்கு நிக்காஹ். பத்திரிகை கொடுத்தால் மட்டும் போதாது, அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் ஆள் விட்டு மறுபடியும் 'சாப்பிட வாங்க' என்று கூப்பிட வேண்டும். அதுதான் இந்தத் தெருவில் மரியாதை. குத்தாலிங்கம் கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியோடு பத்து மணிக்கே உட்கார்ந்துவிட்டார். அடுத்த வீட்டைக் கூப்பிட்டார்கள், அதற்கடுத்த வீட்டைக் கூப்பிட்டார்கள். அவரை யாரும் கூப்பிடவில்லை. பிரியாணி வாசனையை மோந்தபடியே மூன்று மணிக்குப் பழைய சோற்றைத் தின்றார். அன்றிலிருந்து பேச்சு கிடையாது. 'வா' என்று அவன் வாயால் சொல்லாமல் அந்தப் படியை மிதிப்பதில்லை என்று வைராக்கியம்.

ஆகவே தக்கடியை யூடியூப் பார்த்து அவரே செய்தார். உருண்டைகள் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தன. மணிகண்டபிரபு ஒன்றைக் கடித்துவிட்டு மரியாதையாகக் கீழே வைத்தார். அவருடைய அம்மா மரியாதை பார்க்காமல் அழுத்திக் கடித்தார். உருண்டையை வெளியே எடுத்தபோது பல்செட்டும் அதோடு சேர்ந்து வந்தது.

"ஏங்கண்ணு, இதக் கல்லுல செஞ்சாங்களா?" என்று அந்த அம்மாள் ரகசியமாகக் கேட்டார். டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

நாலு வரியில் முதல் வரி போயிற்று என்று குத்தாலிங்கம் தலையில் கை வைத்தார்.

சாயங்காலம் அடுத்த இடி. மணிகண்டபிரபு மறுபடியும் சீட்டைப் பார்த்தார். "அம்மாவுக்கு முட்டி மடங்காதுங்க சார். வெஸ்டர்ன் டாய்லெட் இருக்குதுங்களா?"

அந்தத் தெருவில் வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிற ஒரே வீடும் எதிர் வீடுதான். குத்தாலிங்கம் யோசித்து முடிப்பதற்குள் அகிலாண்டேஸ்வரி அந்த அம்மாளின் கையைப் பிடித்து, தெருவைக் கடந்து, ஆதம் வீட்டுக்குள் போய்விட்டாள். அரை மணி நேரம் கழித்து இருவரும் இஞ்சி டீ குடித்த முகத்தோடு திரும்பினார்கள்.

"யாரைக் கேட்டுட்டி அங்கன போன?" என்று குத்தாலிங்கம் சாமியாடினார்.

"அவசரத்துக்கு ரோஷம் பாக்க முடியுமா? உங்க ரோஷத்துல அந்த அம்மா உக்கார முடியுமா?"

அந்தக் கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை. காலையில் எழுந்தவுடன் பழைய பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை எடுத்தார். அரிவாளை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, உட்காரும் இடத்தில் வட்டமாக ஒரு ஓட்டை போட்டார். ரொம்ப அழகாக வந்தது. சோதித்துப் பார்க்காமல் விருந்தாளிக்குக் கொடுக்கலாமா? தானே உட்கார்ந்து பார்த்தார்.

உட்கார்ந்தார் என்று சொல்வது பாதிதான் சரி. உள்ளே போனார். எழுந்தபோது நாற்காலியும் எழுந்தது.

அகிலாண்டேஸ்வரி முன்னாலிருந்து இழுத்தாள், மணிகண்டபிரபு பின்னாலிருந்து இழுத்தார். "குத்தாலத்துல எல்லாத்துக்கும் எண்ணெதானுங்களே!" என்று சொல்லி அந்த அம்மாள் அரை லிட்டர் நல்லெண்ணெயை ஊற்றினார். எண்ணெய் வேலை செய்தது. குத்தாலிங்கம் இன்னும் இரண்டு அங்குலம் உள்ளே போனார்.

"அறுக்கத்தான் வேணும்" என்றாள் அகிலாண்டேஸ்வரி. "ஆக்ஸா பிளேடு ஆதம் அண்ணாச்சி வீட்லதான் இருக்கு."

"நீ போய் வாங்கிட்டு வா."

"நேத்து போனதுக்கே சாமியாடுனீய. நான் போமாட்டேன்."

குத்தாலிங்கம் பரிதாபமாக மணிகண்டபிரபுவைப் பார்த்தார். அவர் அவசரமாகத் தலையை ஆட்டினார். "எனக்கு அவரைத் தெரியாதுங்களே சார். முன்னப்பின்ன தெரியாதவன் கேட்டா குடுப்பாருங்களா?"

வேறு வழியில்லை. இடுப்பைச் சுற்றி ஒரு போர்வையைப் போர்த்திக்கொண்டு, நாலு பிளாஸ்டிக் கால்களும் பின்னால் ஆட, குத்தாலிங்கம் தெருவில் இறங்கினார்.

"அண்ணாச்சி, போற எடமெல்லாம் உக்கார எடம் ரெடி போல!" என்றார் டீக்கடைக்காரர்.

ஆதம் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பருக்கு மேலாக இரண்டு கண்கள் தெரிந்தன. அவை குத்தாலிங்கத்தைப் பார்த்தன, போர்வையைப் பார்த்தன, நாலு கால்களை எண்ணின. பேப்பர் லேசாகக் குலுங்கியது.

"ஆக்ஸா பிளேடு வேணும்" என்றார் குத்தாலிங்கம், படிக்குக் கீழேயே நின்று.

"உள்ள இருக்கு. போய் எடுத்துக்க."

"வான்னு சொல்லு. வாரேன்."

ஆதம் பேப்பரை மடித்தார். "சொல்ல மாட்டேன்."

குத்தாலிங்கம் ஏழு வருஷத்துக் கோபத்தையும் கொட்டிவிட்டார். "அன்னைக்கும் நீ சொல்லல. தெருவுல நாய் பூனை பாக்கியில்லாம ஆள் விட்டுக் கூப்பிட்ட. நான் வேட்டிய கட்டிக்கிட்டு மூணு மணி வரைக்கும் உக்காந்திருந்தேன்."

"நானும்தாம்லே மூணு மணி வரைக்கும் நின்னேன்!" ஆதமும் எழுந்துவிட்டார். "பந்தல் வாசல்ல நீ நிப்ப, வாரவங்கள வாங்க வாங்கன்னு நீ கூப்பிடுவன்னு இருந்தேன். வாரவன் பூராம் 'கண்டக்டர எங்கன?'ன்னு கேக்கான். என்ன பதில் சொல்லுவேன்? உனக்கு எதுக்குலே ஆள் விடணும்? வீட்டு ஆளப் போயி எவனாவது வாங்கன்னு கூப்பிடுவானா?"

ஏழு வருஷமாகத் தன்னை ஊர்க்காரனாகக்கூட மதிக்கவில்லை என்று நினைத்துப் புழுங்கியவர் குத்தாலிங்கம். அந்த மனுஷனோ இவரைக் கூடப்பிறந்தவனாக நினைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நின்றிருக்கிறான். இவர் அப்படியே உட்கார்ந்தார். நாற்காலி கூடவே வந்திருந்தது வசதியாகப் போயிற்று.

"இத அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா?"

"நீ வந்து கேட்டிருக்கலாம்லா?"

குத்தாலிங்கம் எழுந்தார். யாரும் வா என்று சொல்லாமலே படியேறினார். நாற்காலிதான் கதவில் இடித்தது.

"அசையாதலே" என்றார் ஆதம், பிளேடை எடுத்துக்கொண்டு. "அசைஞ்ச, ரெண்டையும் சேத்து அறுத்துருவேன்."

அதற்குப் பிறகு இரண்டு நாளும் கருவக்குளத்தில் யாருக்கும் வேலை ஓடவில்லை. அலிமா பெரிய சட்டியில் தக்கடி செய்தாள். அதில் பல்செட்டுக்கு ஒரு ஆபத்தும் வரவில்லை. மணிகண்டபிரபு சீட்டைப் பார்த்துவிட்டு, "கேரம் போர்டு இருக்குதுங்களா?" என்று கேட்டார். ஆதம் பரணிலிருந்து போர்டை இறக்கி, ஏழு வருஷத் தூசியைத் துடைத்தார். தெருவில் பெஞ்சு போட்டு ஆட உட்கார்ந்தால், முட்டி மடங்காத அந்த அம்மாள் எல்லாரையும் தோற்கடித்துச் சிவப்பையும் எடுத்துக்கொண்டார். வேடிக்கை பார்க்க மேலத்தெரு ஆட்களும் வந்துவிட்டார்கள். பெண்கள் அந்த அம்மாளைக் கீழப்பாவூர் நரசிம்மர் கோயிலுக்கு அழைத்துப்போய் வந்தார்கள். ஒரு கல்யாண வீடு போல இருந்தது தெரு. அருவியில் குளிக்க வந்தவர்கள் அருவியைப் பார்த்ததென்னவோ திங்கள்கிழமை காலையில் அரை மணி நேரம்தான்.

திங்கள் மதியம் கிளம்புகிற நேரத்தில் மகளின் போன் வந்தது. வழக்கம்போல ஸ்பீக்கர்.

"அப்பா, உங்க கெஸ்ட்டு நாலு வரி எழுதிட்டாரு. வாசிக்கேன் கேளுங்க. 'இந்த வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் கிடையாது. வீட்டுக்காரர் செய்யும் தக்கடியைச் சாப்பிட வேண்டாம். ஒரு வீட்டுக்குப் பணம் கட்டினால் ஒரு தெருவே கவனித்துக்கொள்கிறது. அடுத்த வருஷமும் வருவோம்.' இதைப் பாத்துட்டு மதுரையில இருந்து ஒரு பேமிலி அடுத்த வாரத்துக்குக் கேட்டிருக்காங்க. என்னப்பா நடக்கு அங்க?"

"அப்போ பெங்களூரு?"

"அது கெடக்கட்டும். நானே லீவு போட்டுட்டு அங்கன வாரேன்."

குத்தாலிங்கத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எங்கிருந்தோ பழைய விசிலைத் தேடி எடுத்து வந்து, காரின் பின்பக்கத்தைத் தட்டி, "ரைட்! ரைட்!" என்றார். பிறகு பக்கத்தில் நின்ற ஆதமின் தோளில் கை போட்டார்.

"பாத்தியாலே நெட்டோட மகிமைய? கோயம்புத்தூர்ல இருக்க மனுஷன் எப்படித் தேடிப் பிடிச்சு நம்ம வீட்டுக்கு வந்திருக்காரு பாரு!"

"ஆமாலே" என்றார் ஆதம். திடீரென்று அவருக்கு வானத்தில் ஏதோ பார்க்க வேண்டியிருந்தது. "நெட்டு பெரிய விஷயம்தான்."

கார் நகர ஆரம்பித்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அந்த அம்மாள் மகன் பக்கம் சாய்ந்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு ரகசியமாகக் கேட்டார். டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, ஆதம் பாய் எழுதிக் குடுத்த சீட்டுல கடைசியா ஏணின்னு போட்டிருந்துச்சே, அதக் கேக்காமயே கெளம்பிட்டமே?"