மெட்டடார் எழுந்துவிட்டது, மச்சான்!

என் அருமை மச்சான் மோகன்குமாருக்கு, லைட்ஹவுஸ் குப்பத்து பச்சைமுத்து மாமா எழுதிக்கொள்வது. நானும் உன் அக்கா ஜெயம்மாவும் சௌக்கியம், வேனும் சௌக்கியம். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் நீயும் உன் கிரேனும் குறைவில்லாமல் இருக்கக் கடலம்மா துணை நிற்கட்டும். துருப்பிடித்த பாகங்களின் நாற்பத்திரண்டு படங்களை அனுப்பியதிலிருந்து நீ என் போனையே எடுப்பதில்லை. அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். காகிதத்தை ப்ளாக் பண்ண முடியாது.

பொங்கலுக்கு வந்தபோது சவுக்குத் தோப்பில் பதினோரு வருஷமாக மணலில் புதைந்து கிடந்த என் மெட்டடார் வேனைச் சுற்றிவந்து நீ சொன்னது நினைவிருக்கிறதா? "மாமா, இத்த எடுத்துக்கினு போவ காயலாங்கடைக்காரன் உன்னாண்டதான் துட்டு கேப்பான்." அன்றைக்கு நானும் சிரித்தேன். உப்புக் காற்று தின்றது போக மிச்சமிருந்தது வேனின் நிழல் மட்டும்தான். ஆனால் பத்து நாள் கழித்து உன் அக்கா தலையில் கூடையோடு நடந்தே வீடு வந்து சேர்ந்தாள். மீன் நாறுகிறது என்று பஸ் கண்டக்டர் ஒருவன் பாதி வழியில் இறக்கிவிட்டானாம். உச்சி வெயிலில் ஏழு கிலோமீட்டர், கூடையிலிருந்த நண்டெல்லாம் செத்துவிட்டது. அவள் அழவில்லை. கூடையை இறக்கிவைத்துவிட்டு, "அந்த வண்டி ஓடுமா, ஓடாதா?" என்று மட்டும் கேட்டாள். ஓடும் என்று சொல்லிவிட்டேன். சொன்னபிறகுதான் தோப்புக்குப் போய் வண்டியை இன்னொரு தடவை சுற்றிப் பார்த்தேன்.

முதல் நாள் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன், சீட்டோடு கீழே மணலில் உட்கார்ந்திருந்தேன், தரை என்று ஒன்று இருந்தால்தானே. உன் அக்காவும் வளர்மதியும் மற்ற மீன்காரப் பெண்களும் வலை இழுக்கிற கயிற்றைக் கட்டி ஏலேலோ போட்டு வேனை ரோட்டோரம் இழுத்தார்கள், வேன் வந்தது, பின் பம்பர் தோப்பிலேயே தங்கிவிட்டது. ஃபைபர் படகுகளுக்கு ஓட்டை அடைக்கிற செங்கல்வராயன், "இன்னாண்ணே, இது வண்டியா, போட்டா?" என்று கேட்டுக்கொண்டே படகுக்குப் போடுகிற அதே ஃபைபரில் தரையும் இரண்டு பக்கமும் புதிதாக வார்த்துக் கொடுத்தான். இப்போது வெள்ளம் வந்தாலும் மிதக்கும் என்கிறான். துருவேறி இறுகிப் போயிருந்த என்ஜினில் டீசலை ஊற்றி ஒன்பது நாள் ஊறவைத்தேன், பத்தாம் நாள் அசைந்தது பார், எனக்குப் பேரன் பிறந்தபோதுகூட அப்படிக் கத்தவில்லை. ஹெட்லைட்டுக்காகப் புதுப்பேட்டைக்கு ஆறு தடவை போனேன். கடைக்காரர், "பெரியவரே, இந்த மாடலுக்கு பார்ட்ஸ் கேட்டு வந்த கடைசி ஆளு நீதான், அதுக்கு முன்னாடி வந்ததும் நீதான்" என்றார். இடது கதவு கிடைத்த இடம் இன்னும் விசேஷம். காட்டூரில் ஹேமாவதி என்கிற அம்மாள் வீட்டில் அது கோழிக் கூண்டுக்குக் கதவாக இருந்தது, கண்ணாடி ஏற்றி இறக்குகிற கைப்பிடி உட்பட. "கோழிங்க பழகிடுச்சுய்யா, தரமாட்டேன்" என்று ஒரே பிடிவாதம். மூன்று நாள் அங்கேயே உட்கார்ந்து மரத்தில் புதுக் கதவு அடித்து மாட்டி, கோழிகள் உள்ளே போகிறதா என்று பொழுது சாயும்வரை காத்திருந்து காட்டியபிறகுதான் கழற்ற விட்டாள்.

இன்று காலை, மச்சான், ஆறு பெண்கள், ஒன்பது கூடை, நான். சாவி போட்டதும் ஒரு இருமல், இரண்டாவது இருமல், அப்புறம் குப்பமே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சத்தம். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள். உன் அக்கா முன்சீட்டில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு கலெக்டர் மாதிரி நேராகப் பார்த்தபடி வந்தாள். வழியில் பஸ்ஸை முந்தினேன். பஸ் அப்போது நின்றுகொண்டிருந்தது, அது வேறு விஷயம். பொன்னேரி மார்க்கெட் வரை பதினெட்டு கிலோமீட்டர், ஒரு நண்டுகூடச் சாகவில்லை. இறங்கும்போது உன் அக்கா கதவைத் தட்டி, "ஓடுதுய்யா" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு இன்னும் நாலு வேன் கட்டுவேன்.

ஆகவே இனி எவர் தயவும் எனக்குத் தேவையில்லை என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன். உன் மனைவி பெனிட்டாவுக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். அவர்கள் நீண்ட ஆயுளும் துருப்பிடிக்காத உடம்புமாக வாழட்டும்.

இப்படிக்கு,
உன் மாமா,
மெட்டடார் பச்சைமுத்து

பின்குறிப்பு: இதை மார்க்கெட்டில் வேனுக்குள் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். காலையில் விழுந்த ரிவர்ஸ் கியர் இப்போது விழமாட்டேன் என்கிறது. முன்னால் மார்க்கெட் சுவர் மூக்கில் இடிக்கிறது, பின்னால் செங்குத்தான மேடு, தள்ளிப் பார்த்துத் தோற்றுவிட்டோம். துறைமுகம் பக்கம் போகிற ஷேர் ஆட்டோ விக்கியிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் தடிமனான கயிறும் நாலு ஆளுமாக உடனே வந்து சேர். மீன் எல்லாம் விற்றாகிவிட்டது. ஷேர் ஆட்டோவில் போங்கள் என்று சொன்னால் ஆறு பெண்களும் வேனை விட்டு இறங்க மறுக்கிறார்கள். "முன்னாடிதான் நல்லா போவுதே," என்கிறாள் வளர்மதி, "செவுத்த இடிக்கச் சொல்லு."